பக்கத்துக் கிடங்கு

கீழ்க்காணும் பனுவலை வாசித்திடுக. பின்னர், இறுதியில் உள்ள கேள்விகளுக்கு விடை எழுதுக.

மத்திய மலாக்கா மாவட்டத்தில் உள்ள ஊர் புக்கிட் ரம்பாய். 'புக்கிட்' என்றால் குன்று. 'ரம்பாய்' என்பது கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும் ஒரு பழம். இன்று தொழிற்பேட்டையும் குடியிருப்புகளுமாக விளங்கும் இவ்வூரில் ஒரு மாணவர் பள்ளிக் கணினியின் முன் அமர்ந்து ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒரு கணினியில் இருக்கிறது. இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையினுள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் செல்லும். எனவே, கேள்வி போய்ப் பதில் திரும்பி வருவதற்கு மட்டும் குறைந்தது 0.14 நொடி ஆகும். ஒரு பக்கத்தைத் திறக்க இத்தகைய பயணம் ஒரு முறை நடந்தால் போதாது. பல முறை நடக்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வேகமான இணைப்பு வாங்கினாலும் ஒளியின் வேகத்தை நம்மால் கூட்ட முடியாது.

வேகத்தைக் கூட்ட முடியாவிட்டால் தூரத்தைக் குறைக்கலாம் அல்லவா? அதற்கு மனிதர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் வழி ஒன்று உண்டு. தேவையான பொருளைப் பக்கத்தில் சேமித்து வைப்பதே அவ்வழி.

தோட்டத்துக் கடைக்காரரின் மூன்று வேலைகள்

தோட்டப்புறங்களில் இருந்த மளிகைக் கடையைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அரிசி, பருப்பு, உப்பு, புளி என்று அன்றாடத் தேவைகள் எல்லாம் அங்கே கிடைக்கும். பால்மரம் சீவிவிட்டு வரும் தொழிலாளி ஒரு படி அரிசிக்காக மலாக்கா நகர்வரை போக வேண்டியதில்லை.

அந்தக் கடைக்காரர் மூன்று வேலைகளைச் செய்தார். முதலாவதாக, ஊர் மக்களுக்குப் பதிலாக அவரே நகருக்குச் சென்று பொருள் வாங்கி வந்தார். இரண்டாவதாக, வாங்கி வந்ததைக் கடையில் சேமித்து வைத்து, கேட்டவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவதாக, தம்மிடம் இல்லாத பொருளை யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்பதை அறிந்து வைத்திருந்தார். அரிசிக்கு ஒரு மொத்த வியாபாரி, துணிக்கு வேறொருவர், அவசரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கடைக்காரர் என்று அவருக்குத் தொடர்புகள் இருந்தன.

கணினி வலையமைப்பிலும் இதே மூன்று வேலைகளைச் செய்யும் கணினி ஒன்று உண்டு. அதற்குப் பிராக்ஸி எனப்படும் பதிலி வழங்கி என்று பெயர். பயனருக்குப் பதிலாக வெளியே சென்று பக்கத்தைக் கேட்டு வாங்குவது அதன் முதல் வேலை. வாங்கிய பக்கத்தின் நகலைக் கேஷ் எனப்படும் இடைச்சேமிப்பில் வைத்துக்கொள்வது இரண்டாம் வேலை. தன்னிடம் இல்லாததை எந்த வழங்கியிடம் கேட்பது என்று முடிவு செய்வது மூன்றாம் வேலை. இம்மூன்றில் மூன்றாவதுதான் பலரும் அறியாதது. இப்பாடத்தில் அதையே விரிவாகக் காண்போம்.

மலாக்காத் துறைமுகம் கற்றுத் தந்த பாடம்

பக்கத்தில் சேமித்து வைத்தல், வகை பிரித்து வழிகாட்டல் ஆகிய இரண்டும் மலாக்காவுக்குப் புதியவை அல்ல. 15ஆம் நூற்றாண்டில் மலாக்காத் துறைமுகம் செழித்ததற்கு இவையும் காரணங்களாகும்.

அக்காலத்தில் பாய்மரக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியே ஓடின. தமிழகத்தின் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வரும் கப்பல்களைத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கு நோக்கிக் கொண்டுவந்தது. சீனாவிலிருந்து வரும் கப்பல்களை வடகிழக்குப் பருவக்காற்று தெற்கு நோக்கிக் கொண்டுவந்தது. இரு தரப்பு வணிகரும் ஒரே நாளில் வந்து சந்திப்பது அரிது. இந்தியத் துணி மலாக்காவின் கிடங்கில் இருந்தது. சீனப் பட்டும் பீங்கானும் அதே ஊரின் வேறொரு கிடங்கில் இருந்தன. வாங்குபவர் வரும்வரை சரக்கு காத்திருந்தது. குஜராத்தியர் சீனாவரை போக வேண்டியதில்லை. சீனர் குஜராத்வரை வர வேண்டியதில்லை.

மலாய் மொழியில் கிடங்கைக் 'குடாங்' என்பர். ஆங்கிலத்தில் 'கோடவுன்' என்பர். இச்சொற்கள் தமிழின் 'கிடங்கு', தெலுங்கின் 'கிட்டங்கி' ஆகிய சொற்களோடு உறவுடையவை என்று மொழி அறிஞர்கள் கருதுகின்றனர். சரக்கோடு சொல்லும் கப்பலேறி வந்திருக்கிறது.

கிடங்கு மட்டும் இருந்தால் போதுமா? வந்த கப்பலை எங்கே அனுப்புவது, யாரைச் சந்திக்கச் சொல்வது என்று முடிவு செய்யவும் ஆள் வேண்டும். மலாக்காவில் 'ஷாபண்டார்' எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் வாழ்ந்த போர்த்துகீசியர் தோமே பிரேஸ் தமது 'சுமா ஓரியண்டல்' என்னும் நூலில் இவர்களைப் பற்றி எழுதியுள்ளார். குஜராத்தியர்க்கு ஒருவர், தமிழர், வங்காளியர், பெகு, பாசாய் நாட்டினர்க்கு ஒருவர், ஜாவா, மாலுக்கு, பாண்டா முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர், ரியூக்கியூ, சம்பா நாட்டினர்க்கு ஒருவர் என நால்வரும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர். கப்பல் தலைவரை வரவேற்பதும் அவருக்குக் கிடங்கு ஒதுக்கித் தருவதும் இவர்தம் கடமைகள்.

கப்பல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்து, அதற்குரிய அதிகாரியிடம் அனுப்புவது ஒரு விதி. இணையக் கோரிக்கை எங்கே போக வேண்டும் என்பதைப் பார்த்து, அதற்குரிய வழங்கியிடம் அனுப்புவதும் ஒரு விதியே. முன்னது மனிதர் கடைப்பிடித்தது. பின்னது கணினி கடைப்பிடிப்பது.

ஸ்குவிட் பிறந்த கதை

உலகளாவிய வலையை உருவாக்கிய ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில், 1994ஆம் ஆண்டுவாக்கில் இடைச்சேமிப்புடன் கூடிய பதிலி வழங்கி பயன்பாட்டுக்கு வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் 'ஹார்வெஸ்ட்' என்னும் ஆய்வுத் திட்டம் நடைபெற்றது. அதில் உருவான இடைச்சேமிப்பு மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு, டுவேன் வெசல்ஸ் என்பவர் 1996ஆம் ஆண்டில் 'ஸ்குவிட்' என்னும் மென்பொருளை வெளியிட்டார். ஸ்குவிட் என்றால் கணவாய். நம் ஊர்ச் சந்தையில் 'சோத்தோங்' என்று கேட்டு வாங்குவோமே, அதுதான்.

ஸ்குவிட் கட்டற்ற மென்பொருள். அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதன் மூல நிரலையும் எவரும் படித்துப் பார்க்கலாம். இதனால் உலகெங்கும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் அதைப் பயன்படுத்தின. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் மெல்ல மெல்ல வந்த அந்நாளில், மலேசியாவிலும் பயனர்கள் தங்கள் உலாவியில் சேவை நிறுவனத்தின் பதிலி வழங்கி முகவரியைக் குறித்து வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது.

ஒரு சிறு கணக்கு

இடைச்சேமிப்பால் எவ்வளவு மிச்சமாகும்? புக்கிட் ரம்பாயில் ஒரு பள்ளியின் கணினி அறையில் 40 கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். பள்ளியின் இணைய இணைப்பு நொடிக்கு 8 மெகாபிட் கொண்டது. ஆசிரியர் 5 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடக் கோப்பைத் திறக்கச் சொல்கிறார்.

ஒரு மெகாபைட் என்பது 8 மெகாபிட். எனவே, ஒரு கோப்பு 40 மெகாபிட். அது வந்து சேர 5 நொடி ஆகும். பதிலி வழங்கி இல்லையென்றால் அதே கோப்பு 40 முறை வெளியிலிருந்து வர வேண்டும். 40 கணினிகளும் ஒரே குழாயைப் பகிர்வதால் அனைவருக்கும் கிடைத்து முடிய 200 நொடி ஆகும். பதிலி வழங்கி இருந்தால், கோப்பு வெளியிலிருந்து ஒரே முறை வரும். முதல் மாணவருக்கு 5 நொடி. மற்ற 39 பேருக்கும் பள்ளிக்குள்ளேயே இருக்கும் நகல் உள் வலையமைப்பின் வேகத்தில் கிடைத்துவிடும். 200 மெகாபைட் வர வேண்டிய இடத்தில் 5 மெகாபைட் மட்டுமே வந்திருக்கிறது.

இல்லாததை யாரிடம் கேட்பது?

இனி மூன்றாவது வேலைக்கு வருவோம். பள்ளியின் பதிலி வழங்கியிடம் நகல் இல்லை. அது நேராக மூல வழங்கிக்கே போகலாம். அல்லது வேறொரு பதிலி வழங்கியிடம் கேட்கலாம். பல பள்ளிகளுக்குப் பொதுவான பெரிய வழங்கி ஒன்று இருந்தால், வேறொரு பள்ளி ஏற்கெனவே கேட்டு வாங்கிய பக்கம் அங்கே இருக்கக்கூடும். சில வலையமைப்புகளில் பாதுகாப்புக் கருதி, வெளியே செல்லும் வாசல் அந்தப் பெரிய வழங்கியாகவே இருக்கும். அங்கே சிறிய வழங்கி அதன் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இப்படிப் பிற வழங்கிகளோடு இணைக்கும்போது, ஸ்குவிட் அவற்றை இரண்டு உறவுமுறைகளாகப் பிரிக்கிறது. ஒன்று 'பேரண்ட்', அதாவது பெற்றோர். மற்றொன்று 'சிப்ளிங்', அதாவது உடன்பிறப்பு. வேறுபாட்டை வீட்டு நடப்பைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். அண்ணனிடம் ஒரு பேனா கேட்டால், இருந்தால் கொடுப்பார். இல்லாவிட்டால் 'என்னிடம் இல்லை' என்பார். அப்பாவிடம் கேட்டால், இல்லாவிட்டாலும் கடைக்குப் போய் வாங்கிவந்து கொடுப்பார். உடன்பிறப்பு வழங்கி தன்னிடம் நகல் இருந்தால் மட்டும் தரும். பெற்றோர் வழங்கி நகல் இல்லாவிட்டாலும் வெளியே சென்று பெற்றுத் தரும்.

ஸ்குவிட்டின் அமைவுகளெல்லாம் ஒரே கோப்பில் வரி வரியாக எழுதப்படும். உண்மைக் கோப்பில் அவை ஆங்கில எழுத்துகளில் இருக்கும். அவற்றின் ஒலிப்பை இங்கே தமிழில் காண்க:

கேஷ்_பியர் மேல்வழங்கி பேரண்ட் 3128 3130
கேஷ்_பியர் பக்கவழங்கி சிப்ளிங் 3128 3130

முதற்சொல் 'உறவு வழங்கி ஒன்றை அறிமுகப்படுத்துகிறேன்' என்னும் கட்டளை. அடுத்தது அவ்வழங்கியின் பெயர் அல்லது முகவரி. மூன்றாவது அதன் உறவுமுறை. நான்காவதாக உள்ள 3128 என்பது பக்கங்களைக் கேட்டு வாங்கும் வாசல் எண். ஸ்குவிட் இயல்பாகப் பயன்படுத்தும் எண் இதுவே. இறுதியில் உள்ள 3130, 'உன்னிடம் இந்தப் பக்கம் இருக்கிறதா?' என்று குறுஞ்செய்தி அனுப்பி விசாரிக்கும் வாசல் எண். இந்த விசாரிப்பு முறைக்கான விதிகள் 1997ஆம் ஆண்டில் இணையத் தர ஆவணங்களாக வெளியிடப்பட்டன. மேல்வழங்கி இத்தகைய விசாரிப்புக்குப் பதில் சொல்லாத வகையாக இருந்தால், 3130க்குப் பதில் 0 என்று எழுதி, 'நோ-குவரி' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். விசாரிக்காமல் நேரே கேட்டுவிடு என்பது அதன் பொருள்.

இவ்வளவோடு வேலை முடிந்துவிட்டது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால், பெற்றோரை அறிமுகப்படுத்தியதாலேயே எல்லாக் கோரிக்கைகளும் அவர் வழியாகப் போய்விடா. நேராகப் போவதே ஏற்றது என்று கருதும் கோரிக்கைகளை ஸ்குவிட் தானாகவே நேராக அனுப்பிவிடும். அனைத்தும் மேல்வழங்கி வழியாகவே போக வேண்டுமென்றால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்:

நெவர்_டைரக்ட் அலவ் ஆல்

'எதையும் ஒருபோதும் நேராக அனுப்பாதே' என்பது இவ்வரியின் பொருள். இதற்கு விலக்கும் தேவைப்படலாம். பள்ளிக்குள்ளேயே இருக்கும் ஒரு வழங்கியைத் திறப்பதற்கு, கோரிக்கை வெளியே போய்ச் சுற்றிவர வேண்டியதில்லை. அத்தகைய முகவரிகளுக்கு 'உள்ளூர்' என்று ஒரு பட்டியல் வகுத்து, 'ஆல்வேஸ்_டைரக்ட் அலவ் உள்ளூர்' என்று எழுதினால், அவை மட்டும் நேராகச் செல்லும். ஸ்குவிட் இந்த விதியைத்தான் முதலில் பார்க்கும்.

மேல்வழங்கிகள் இரண்டு மூன்று இருந்தால், எந்த முகவரிக்கு எவரிடம் போவது என்று பிரித்துக் கொடுக்கவும் முடியும். 'கேஷ்_பியர்_ஆக்சஸ்' என்னும் கட்டளை அதற்கானது. நான்கு ஷாபண்டார்களின் பொறுப்புப் பங்கீட்டை நினைவில் கொண்டால், இக்கட்டளை எளிதில் விளங்கும்.

மூன்று எச்சரிக்கைகள்

முதல் எச்சரிக்கை வளையம் பற்றியது. இரு வழங்கிகளை ஒன்றுக்கொன்று பெற்றோர் ஆக்கிவிட்டால் என்ன ஆகும்? 'அவரைக் கேள்' என்று இதுவும், 'இவரைக் கேள்' என்று அதுவும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கோரிக்கை கடந்துவந்த வழங்கிகளின் பெயர்கள் அதன் தலைப்பகுதியில் எழுதப்படுவதால், ஸ்குவிட் தன் பெயரை அதில் கண்டதும் வளையத்தைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். ஆயினும், அமைக்கும்போதே உறவுகளைத் தாளில் வரைந்து பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, திறந்த வாசல் பற்றியது. பள்ளியின் வழங்கியைப் பள்ளியின் கணினிகள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அனுமதிப் பட்டியலின் கடைசி வரி 'மற்ற அனைவர்க்கும் மறு' என்றே இருக்க வேண்டும். இல்லையெனில், முன்பின் தெரியாதவர்கள் அதன் வழியாகச் சென்று செய்யும் தீய செயல்களுக்கெல்லாம் பள்ளியின் முகவரியே பதில் சொல்ல நேரும்.

மூன்றாவது, பழைய சரக்கு பற்றியது. கடையில் உள்ள ரொட்டிப் பொட்டலத்தில் காலாவதி நாள் அச்சிடப்பட்டிருக்கும். இணையப் பக்கத்தோடும் 'இத்தனை நொடிவரை இதை வைத்துக்கொள்ளலாம்' என்ற குறிப்பு வரும். அக்காலம் கடந்ததும், 'நான் வாங்கிய பிறகு இது மாறிவிட்டதா?' என்று பதிலி வழங்கி மூல வழங்கியைக் கேட்கும். மாறவில்லையென்றால், முழுப் பக்கத்தையும் அனுப்பாமல் 304 என்ற எண்ணை மட்டும் மூல வழங்கி பதிலாக அனுப்பும். இக்குறிப்புகளைப் பொருட்படுத்தாமல் அமைத்தால், நேற்றைய செய்தியை இன்றைய செய்தி என்று நம்பிவிடுவோம். தேர்வு முடிவு போன்ற பக்கங்களில் இது சிறு பிழையன்று.

அமைத்து முடித்ததும் சோதிக்க வேண்டும். ஒரே பக்கத்தை இரு முறை திறந்துவிட்டு, ஸ்குவிட்டின் பதிவேட்டைப் பாருங்கள். 'ஹிட்' என்று இருந்தால் நகல் கைவசம் இருந்தது. 'மிஸ்' என்று இருந்தால் வெளியே போய் வாங்கியது. அதே வரியில் 'பேரண்ட்' என்ற சொல் இருந்தால் மேல்வழங்கி வழியாகப் போயிருக்கிறது. 'டைரக்ட்' என்று இருந்தால் நேராகப் போயிருக்கிறது.

கடலடியில் ஒரு கம்பிவடம்

மலாக்கா இன்றும் ஒரு துறைமுகந்தான். ஆனால், இன்று வந்து சேரும் முதன்மைச் சரக்குகளில் ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. 2005ஆம் ஆண்டில் நிறைவடைந்த 'சீ-மீ-வீ 4' என்னும் கடலடிக் கண்ணாடி இழை வடம் மலாக்காவில் கரையேறுகிறது. சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்சேல்வரை செல்லும் இதன் நீளம் ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர். சென்னையும் கொழும்பும் இதே வடத்தில் இணைந்துள்ளன. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் வந்த கடல்வழியை ஒட்டியே இன்று ஒளி வருகிறது.

வடமும் அறுபடும். 2006 டிசம்பர் 26ஆம் நாள் தைவானுக்குத் தெற்கே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கடலடி வடங்கள் பல அறுந்தன. கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இணையம் தடுமாறியது, மலேசியாவும் பாதிக்கப்பட்டது. எல்லாவற்றையும் சீராக்கப் பல வாரங்கள் ஆயின. 2008 ஜனவரி 30ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே 'சீ-மீ-வீ 4' வடமே சேதமடைந்தபோது இந்தியாவின் இணையம் வெகுவாகப் பாதிக்கப்பட்டது. தொலைவிலுள்ள கிடங்கை மட்டுமே நம்பியிருப்பதன் ஆபத்தை இந்நிகழ்வுகள் உணர்த்தின. பக்கத்தில் நகல் இருப்பவர்க்கு அதுவாவது கிடைக்கும்.

2006ஆம் ஆண்டில், உள்நாட்டுச் சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் தரவைப் பரிமாறிக்கொள்வதற்காக மலேசிய இணையப் பரிமாற்ற நிலையம் தொடங்கப்பட்டது. உள்நாட்டுத் தரவு வெளிநாடு சென்று திரும்பும் வீண்பயணத்தைக் குறைப்பது அதன் நோக்கம். இன்று கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களே தங்கள் இடைச்சேமிப்பு வழங்கிகளை உலகெங்குமுள்ள சேவை நிறுவனங்களின் வளாகங்களில் வைத்துள்ளன. நாம் பார்க்கும் காணொளி பெரும்பாலும் கடல் கடந்து அந்த நொடியில் வந்ததன்று. அருகில் எங்கோ காத்திருந்த நகல்.

555 புத்தகம் யாரிடம் இருக்கிறது?

தோட்டத்துக் கடைக்காரரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டோம். கடனுக்குப் பொருள் கொடுத்ததை எழுதி வைக்க 555 என்னும் எண் அச்சிட்ட சிறு கணக்குப் புத்தகம் நம் நாட்டுக் கடைகளில் புழங்கியது. அதைப் புரட்டினால், எந்த வீட்டில் பால்மாவு வாங்குகிறார்கள், எந்த வீட்டில் மருந்து வாங்குகிறார்கள், எந்த வீட்டில் இம்மாதம் கைமுடை என்பதெல்லாம் தெரிந்துவிடும். நல்ல கடைக்காரர் அதைப் பிறரிடம் காட்டமாட்டார்.

பதிலி வழங்கியின் பதிவேடும் ஒரு 555 புத்தகமே. எந்தக் கணினி, எந்த நேரத்தில், எந்த முகவரியைக் கேட்டது என்பது அதில் வரிசையாகப் பதிவாகும். பூட்டுக் குறியுடன் திறக்கும் பாதுகாப்பான பக்கங்களில், உள்ளே இருப்பதைப் பதிலி வழங்கியால் இயல்பாகப் படிக்க முடியாது. அதனால் அவற்றின் நகலையும் சேமிக்க முடியாது. இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் இவ்வகையாக மாறிவிட்டதால், பள்ளிப் பதிலி வழங்கியின் சேமிக்கும் வேலை முன்பைவிடச் சுருங்கிவிட்டது. ஆயினும், எந்தத் தளத்துக்குப் போனோம் என்பதை அது அப்போதும் அறியும். மேல்வழங்கியோடு இணைக்கும்போது, அந்தச் செய்தி மேல்வழங்கியின் பதிவேட்டுக்கும் போகிறது. ஒரு வரியை எழுதிச் சேர்ப்பது எளிது. ஆனால், அந்த ஒரு வரியால் நூற்றுக்கணக்கான மாணவரின் தேடல்கள் இன்னொருவர் கைவழியாகப் போகத் தொடங்குகின்றன.

நடுவில் நிற்பவர் பார்க்கலாம், தடுக்கவும் செய்யலாம். தீய தளங்களிலிருந்து மாணவரைக் காக்கப் பள்ளிகள் இதைப் பயன்படுத்துவது நியாயமே. அதே வேளையில், 'இலவசப் பதிலி வழங்கி' என்று கவர்ச்சி காட்டி, முகம் தெரியாதவர்கள் நடத்தும் வழங்கிகளும் உள்ளன. பள்ளியின் தடையைத் தாண்டுவதற்காக அவற்றை நாடும் மாணவர், தெரிந்த கடைக்காரரை விட்டுவிட்டுத் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பவர் ஆவார்.

எனவே, ஒரு பதிலி வழங்கியைப் பயன்படுத்தும் முன்னர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இதை நடத்துபவர் யார்? என்னைப் பற்றி எதைப் பதிவு செய்கிறார்? அப்பதிவை எவ்வளவு காலம், யார் பார்க்கும்படி வைத்திருக்கிறார்? வழங்கியை அமைக்கும் பொறுப்பு ஒரு நாள் உங்கள் கைக்கு வந்தால், இதே மூன்று கேள்விகளுக்கும் பயனரிடம் மறைக்காமல் விடை சொல்லுங்கள். தூரத்தைக் குறைப்பது தொழில்நுட்பம். நடுவில் நிற்கும் தகுதியைத் தருவது நாணயம்.

சொற்பொருள்

வழங்கி – பிற கணினிகள் கேட்கும் தரவைத் தரும் கணினி
பதிலி வழங்கி – பயனருக்குப் பதிலாகத் தரவைக் கேட்டுப் பெறும் வழங்கி
இடைச்சேமிப்பு – மீண்டும் பயன்படும் என்று கருதி நகலைத் தற்காலிகமாக வைத்திருத்தல்
மூல வழங்கி – ஒரு பக்கம் முதன்முதலில் வைக்கப்பட்டுள்ள கணினி
கைமுடை – பணத் தட்டுப்பாடு
நாணயம் – நேர்மை

கருத்துணர் கேள்விகள்

1. தோட்டத்துக் கடைக்காரர் செய்த மூன்று வேலைகள் யாவை? அவற்றைப் பதிலி வழங்கியின் வேலைகளோடு பொருத்திக் காட்டுக.
2. மலாக்காவின் வணிகத்துக்குக் கிடங்குகள் இன்றியமையாதவையாக இருந்தது ஏன்?
3. பெற்றோர் வழங்கிக்கும் உடன்பிறப்பு வழங்கிக்கும் உள்ள வேறுபாட்டை உம் சொந்தச் சொற்களில் விளக்குக.
4. ஒரு பள்ளியில் மேல்வழங்கியை அறிமுகப்படுத்தும் வரி சரியாக எழுதப்பட்டுள்ளது. ஆயினும், பதிவேட்டில் 'டைரக்ட்' என்ற சொல் அடிக்கடி காணப்படுகிறது. காரணம் என்ன? எந்த வரியைச் சேர்க்க வேண்டும்?
5. 25 கணினிகள் உள்ள அறையில் அனைவரும் 8 மெகாபைட் கோப்பு ஒன்றைத் திறக்கின்றனர். இணைப்பின் வேகம் நொடிக்கு 16 மெகாபிட். பதிலி வழங்கி இல்லாதபோது அனைவருக்கும் கோப்பு வந்து முடிய எத்தனை நொடி ஆகும்? இருந்தால், வெளியிலிருந்து வர எத்தனை நொடி ஆகும்?
6. 'பதிலி வழங்கியின் பதிவேடும் ஒரு 555 புத்தகமே.' இக்கூற்றின் பொருத்தத்தை ஆராய்க.

மொழிப்பயிற்சி

'இடைச்சேமிப்பு' என்பதில் 'இடை' என்னும் சொல் முன்னே நிற்கிறது. அவ்வாறே 'இடை' முன்னே நிற்கும் சொற்கள் ஐந்தினை எழுதி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைத்திடுக.

குழு நடவடிக்கை

உங்கள் பள்ளியின் கணினி அறைக்கு ஒரு பதிலி வழங்கி அமைக்கப்படுவதாகக் கொள்க. எதைப் பதிவு செய்யலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், யார் பார்க்கலாம் என்பவற்றைக் குழுவில் கலந்துரையாடி, மாணவர்களுக்கான ஓர் அறிவிப்பைத் தயாரித்திடுக.